புலப்படத்தில் ஒரு மூக்கு

போன மழைக்காலம் முடிந்த சமயம், நான் வேலை பார்த்த சர்வே ஆபீசிலிருந்து பிரகாஷ் போன் செய்தார். நான் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. இனி மலை ஏற மாட்டோம் என்று முழங்கால் இரண்டும் சொல்லிவிட்டன. பிரகாஷ் இப்போது அங்கே சர்வேயர். டிரோனைப் பறக்கவிட்டு, கம்பத்தில் பொருத்திய கருவியை அங்கங்கே ஊன்றி, எங்கள் காலத்தில் ஒரு வாரம் பிடித்த வேலையை ஒரே காலையில் முடித்துவிடுகிறார்.

“ஏனுங்க மாதண்ணா, கொட்டச்சேடு போற வழியில ஒரு பழைய எஸ்டேட்டு நெலத்தோட புலப்படம் வந்திருக்குதுங்க. கோடு நேராப் போகுது. ஒரு எடத்துல மட்டும் மூக்காட்டம் மேல எந்திரிச்சு எறங்குது. கம்ப்யூட்டரு அத தப்புன்னு செவப்புல காட்டுது. நேர் பண்ணிரட்டுங்களா?”

நான் போனில் அதிகம் பேசுகிறவன் இல்லை. நேரிலும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு, “பண்ணாதீங்க, நான் வர்றேன்” என்று உடனே சொல்லிவிட்டேன்.

அந்த மூக்கு தப்பில்லை. தப்பு அதன் பக்கத்துக் கோட்டில்தான் இருக்கிறது. அந்தத் தப்பைச் செய்தவன் நான். இதைப் பிரகாஷிடம் சொன்னபோது, எழுதிக் கொடுங்கள், ஆபீசில் இருக்கட்டும் என்றார். அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வெள்ளக்கடை. பத்தாவது வரை படித்தேன். பதினெட்டு வயதில் ஏற்காடு கடைத்தெருவில் இருந்த பாஷா சாரின் ஆபீசில் செயின்மேனாகச் சேர்ந்தேன். பாஷா சார் லைசென்ஸ் வாங்கிய தனியார் சர்வேயர். செயின்மேன் என்றால் நிலம் அளக்கும் சங்கிலியின் ஒரு முனையைப் பிடிக்கிறவன். சங்கிலிக்கு நூறு லிங்க், அறுபத்தாறு அடி நீளம். வேலை பழக ஒரு வருடம் ஆயிற்று. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. அட்டை கடித்தது, விழுந்தேன், எழுந்தேன்.

ஆனால் ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். மலைச்சரிவில் சங்கிலியைத் தரையோடு போட்டு அளக்கக் கூடாது. படத்தில் வருவது மட்டமான தூரம். ஆகவே சங்கிலியைச் சிறு சிறு துண்டாக மட்டமாகப் பிடிக்க வேண்டும். தூக்கிப் பிடித்த முனையிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடாமல் நிற்கும் இடத்தைப் புள்ளியாகக் கொள்ள வேண்டும். படிக்கட்டு ஏறுவதுபோல இப்படியே ஏறிப் போக வேண்டும். சோம்பல்பட்டுச் சங்கிலியைச் சரிவோடு படுக்கவைத்தால், பத்து செயின் அளந்ததாக நினைப்போம், ஆனால் படத்தில் ஒன்பதரைகூட வந்திருக்காது.

கீழ் முனையில் குண்டு பிடிப்பது என் வேலை. மட்டம் சரியானதும் நான் சத்தம் கொடுக்க வேண்டும். மேலே இருப்பவர் முளை அடிப்பார், தள்ளி நிற்கும் சார் குறித்துக்கொள்வார். எனக்குக் குரல் எழும்பாது. நாலு பேர் பார்க்கக் கத்துவதென்றால் கூச்சம் வேறு. முதல் மாதமே சார் அதைக் கவனித்தார். திட்டவில்லை. அடுத்த வாரம் சேலம் போய்விட்டு வந்தவர் ஒரு பித்தளை விசிலை என் கையில் வைத்தார்.

“ஒரு தடவ ஊதுனா மட்டம் சரின்னு அர்த்தம். ரெண்டு ஊதுனா முனைய நகத்தச் சொல்லு. மூணு ஊதுனா எல்லாரும் நிறுத்தணும், ஏதோ கோளாறு. வாயத் தொறக்க வேண்டாம்ப்பா மாது. ஊதுனா போதும்.”

முப்பது வருடத்துக்கு மேல் அந்த விசில்தான் எனக்கு வாய்.

பாஷா சாரைப் பற்றி நாள் முழுக்கச் சொல்லலாம். உயரமான மனிதர், மெதுவாகத்தான் நடப்பார். அளக்கிற நாளில் இரண்டு பக்கத்தாரும் கொடுக்கும் எதையும் வாயில் வைக்க மாட்டார். காபி வேண்டாம், இளநீர் வேண்டாம், பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம். கடைத்தெருவில் அவருடைய அண்ணன் வைத்திருந்த மளிகைக் கடையிலிருந்து ஒரு பிளாஸ்கில் டீயும் ஒரு பாட்டிலில் தண்ணீரும் வரும். எங்களுக்கும் அதுதான். “ஒருத்தரு ஊட்டுத் தண்ணியக் குடிச்சுட்டுக் கோட்ட நேராப் போட்டாலும், அடுத்தவருக்கு அது கோணலாத்தான் தெரியும்” என்பார். அளவைக் குறிக்கும் முன் எண்ணை மூன்று முறை வாய்விட்டுப் படிப்பார். எல்லாம் முடிந்த பிறகு, நட்ட கல்லிலிருந்து நட்ட கல்லுக்குக் கோட்டின் மேலேயே ஒருமுறை நடந்து போய்ப் பார்ப்பார். நடந்து பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். எனக்குத் தெரிந்து அந்த வழக்கத்தை அவர் ஒரே ஒரு நாள்தான் விட்டார். அந்த நாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

கொட்டச்சேடு வழியில் இருந்த அந்த எஸ்டேட் கீழ்நாட்டு ஜமீன் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தம். அதன் கடைசி வாரிசை எல்லோரும் சின்னதுரை என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். அவருக்கு ஒரு அக்கா. பெரியம்மணி என்பார்கள். புருஷன் இறந்த பிறகு எஸ்டேட் பங்களாவிலேயே தங்கிவிட்டவர். பாகப்பிரிவினையில் பங்களாவும், ஓடையோரத்து நிலமும், எட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் குடியிருந்த லைன் வீடுகளும் அம்மணிக்கு வந்தன. மற்ற அத்தனையும் சின்னதுரைக்கு.

அத்தனையையும் அவர் தொலைத்தார். ஐந்து விற்பனை. ஐந்துக்கும் நாங்கள்தான் அளந்தோம். ஒவ்வொரு தடவையும் எஸ்டேட் சின்னதாகிக்கொண்டே வந்தது. முதல் தடவை சங்கிலியோடு விடிகாலை கிளம்பி இருட்டுகிறவரை நடந்தோம். ஐந்தாவது தடவை மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது.

என்ன செலவு செய்தார் என்று கேட்டால், என்ன செய்யவில்லை என்றுதான் கேட்க வேண்டும். பழைய கார்களாக வாங்கி நிறுத்தினார். கூட்டாளிகள் வாங்கிய கடனுக்கெல்லாம் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். சேர்வராயன் கோயில் திருவிழாவில் ஒரு வருடம் மலை ஏறி வந்த கூட்டத்துக்கு முழுக்கச் சோறு போடுகிறேன் என்று சொல்லி, கடன் வாங்கிப் போட்டார். பஸ்ஸில் ஏறினால் தெரிந்த முகங்களுக்கெல்லாம் டிக்கெட் எடுத்துவிடுவார். பந்தயக் குதிரை ஒன்றும் வாங்கினார். வெற்றி என்று பேர் வைத்தார். ஒரு பந்தயத்திலும் அது ஜெயிக்கவில்லை. லைன் வீட்டு ராமாயி அதைப் பற்றிச் சொல்வாள்: “பேரு வெற்றிங்க. ஓடற வழியில புல்லப் பாத்தா நின்னுக்குமாமுங்க. எங்கூட்டுக்காரனாட்டம்.”

முதல் விற்பனைக்கு நாங்கள் போனபோது அம்மணி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“ஏனுங்க சர்வேயரே, எந்தம்பிக்குக் கையில ஓட்டைன்னு ஊருல பேசிக்கறாங்க. ஓட்டையின்னா அடைச்சுப் போடலாம். அவங்கை வாய்க்காலுங்க.”

பக்கத்தில் காரில் சாய்ந்து நின்ற சின்னதுரை சிரித்தார். “வாய்க்காலுன்னா நாலு வயலு பாயுமில்லக்கா.”

“பாயுதே. நம்ம வயலத் தவிர.”

பாஷா சார் ஒன்றும் கேட்காதவர்போல நோட்டைப் பிரித்துக்கொண்டார்.

சொத்தைத் தொலைத்தவரைப் புகழ்ந்து எழுதுகிறேன் என்று யாராவது நினைக்கலாம். அவரால் பலர் கஷ்டப்பட்டார்கள், அதை மறைக்கவில்லை. அம்மணி தன் நகைகளைக் கொடுத்து ஒரு கடனை அடைத்தார். விற்ற பகுதிகளில் வேலை செய்தவர்களைப் புது முதலாளிகள் நிறுத்திவிட்டார்கள். ஒரு முறை மூன்று வாரம் சம்பளம் நின்றது. ராமாயி அவருடைய காரை மறித்து, “சாமி, காருக்கு எண்ணெ ஊத்தறீங்க. எங்க அடுப்புக்கு என்னத்த ஊத்தறதுங்க?” என்று கேட்டாள். அவர் காரை விட்டு இறங்கினார். அன்று சாயங்காலமே அந்தக் காரை விற்றுச் சம்பளம் போட்டார். அடுத்த மாதம் கடனில் வேறொரு கார் வந்து நின்றது. இரண்டுமே அவர்தான்.

ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அவர் எங்களிடம், கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் என்று கேட்டதில்லை. நிலம் விற்கிற எல்லோரும் கேட்பார்கள். மரியாதையான குடும்பத்து ஆட்கள்கூட ஜாடையாகக் கேட்பார்கள். இவர் கல் நடும்போது கூடவே நின்று, குனிந்து, மண்ணைத் தன் காலால் மிதித்து இறுக்குவார். “நல்லா ஆழமா நடுங்கப்பா. நாளைக்கி நானே வந்து புடுங்கிட்டேன்னு வரக்கூடாது.”

ஐந்தாவது விற்பனை மேல் சரிவில் இருந்த காப்பித் தோட்டம். வாங்கியவர் பட்டணத்துக்காரர். லாட்ஜ் கட்டப் போவதாகச் சொன்னார். அது போய்விட்டால் சின்னதுரைக்கு மிஞ்சுவது ரோட்டோரத்துக் குதிரைக் கொட்டகை மட்டும். அதன் பக்கத்தில் ஒரு அறை கட்டி, அதில்தான் அவர் அப்போது குடியிருந்தார்.

அந்தச் சரிவில் ஒரு ஊற்று உண்டு. கோடையிலும் வற்றாது. லைனில் இருந்த எட்டுக் குடும்பத்துக்கும் அங்கிருந்து கருப்பு ஓஸ் குழாயில் தண்ணீர் இறங்கும். வேறு தண்ணீர் கிடையாது. பங்கு பிரித்த அன்றே சின்னதுரை லைன் ஆட்களிடம், ஊற்று உங்களுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் ஓடையிலிருந்து மேலே பத்து செயின் வரை அம்மணி பங்கு, அதற்கு மேல் விற்பனை என்று பேச்சு. ஊற்று ஒன்பதே முக்கால் செயினில் இருந்தது. பத்துக்கு மேல் ஓரடிகூட விடமாட்டேன் என்று வாங்குகிறவர் கறாராக இருந்தார். அதனால் கால் செயின்தான் இடைவெளி, பதினாறு அடி.

அளக்கப் போன அன்று மழைத் தூறல். மூடுபனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மறுநாளே பதிவு. கடன் கொடுத்தவர்களின் ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு ஓடைக்கரையில் கூட்டமாக நின்றார்கள். முதல் ஏழு செயின் சரிவு அதிகம் இல்லை, நன்றாகப் போயிற்று. எட்டாவதில் சரிவு செங்குத்தாக ஆரம்பித்தது. சங்கிலியின் கீழ் முனையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டேன். நனைந்த கயிறு அறுந்தது. குண்டு உருண்டு புதருக்குள் போய்விட்டது.

மூன்று முறை ஊதியிருக்க வேண்டும். ஊதினால் சார் ஏறி வருவார். கீழே இருக்கிற அத்தனை பேரும் என்ன என்ன என்று கேட்பார்கள். குண்டைத் தொலைத்தவன் யார் என்று பார்ப்பார்கள். விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு சங்கிலியைச் சரிவோடு தரையில் போட்டு இழுத்துப் பிடித்தேன். ஒரு முறை ஊதினேன். மேலே முளை விழுந்தது.

அப்படியே மூன்று செயின். பத்தாவதின் முடிவில் கல் நட்டார்கள். பனியில் ஊற்று எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. கோட்டை நடந்து பார்க்கச் சார் இரண்டடி எடுத்துவைத்தார். கீழே இருந்து ஒருவர், “பத்திரம் எழுதணுமுங்க, நேரமாச்சு” என்று குரல் கொடுத்தார். சார் நின்றார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அடுத்த வாரம் சேலம் போய் என் கைக்காசில் ஒரு புதுக் குண்டு வாங்கிப் பெட்டியில் வைத்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. மழைக்காலம் போயிற்று. நான் அதை மறந்ததுபோல இருந்தேன்.

கோடை பிறந்ததும் வாங்கியவர் கம்பி வேலி போட்டார். வேலி போட்டவர்கள் குழாயை வெட்டிவிட்டார்கள். ஓடை அதற்குள் காய்ந்திருந்தது. லைன் பெண்கள் ரோட்டோரத்துப் பொதுக்குழாய்வரை குடத்தோடு போனார்கள். மேடு ஏறி இறங்க ஒரு நடைக்கு ஒரு மணி நேரம். ஒரு நாள் ராமாயி எங்கள் ஆபீசுக்கு வந்தாள். மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்க நின்றாள்.

“ஏனுங்க சாரு, ஊத்து எங்களுதுன்னு சின்னதொரை சொன்னாருங்க. நீங்க கோட்ட ஊத்துக்கு இந்தப் பக்கம் போட்டுட்டீங்களாமே. கைப்புள்ளைய வெச்சுக்கிட்டு எம் மருமவ ரோட்டுக்குத் தண்ணிக்கிப் போறா. நாங்க என்னங்க தப்புப் பண்ணுனோம்?”

சார் படத்தை எடுத்து விரித்தார். ஸ்கேல் வைத்துப் பார்த்தார். “படத்துல ஊத்து உங்க பக்கந்தானம்மா இருக்குது. பதினாறு அடி உள்ள இருக்குது.”

“படத்துல இருந்து தண்ணி மோக்க முடியலீங்களே.”

வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிச் சார் அவளை அனுப்பினார். நான் மூலையில் டீ டம்ளரோடு நின்றிருந்தேன். அவள் படி இறங்கும் சத்தம் நின்றதும், சட்டைப்பையில் இருந்த விசிலை எடுத்து அந்தப் படத்தின் மேல் வைத்தேன்.

“சார், அன்னிக்கி மூணு ஊதியிருக்கணுங்க.”

சார் விசிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “எந்தச் செயின்ல இருந்து?”

“எட்டுல இருந்துங்க.”

“குண்டு?”

“கயிறு அந்து போச்சுங்க. பொதருக்குள்ள போயிருச்சு.”

கீழே கடைத்தெருவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“பெட்டியில புதுக் குண்டப் பாத்தேன்” என்றார். “பழசு எங்கன்னு கேக்கணும்னு நெனச்சேன். கேக்கல. கோட்டையும் நடந்து பாக்கல. நடந்திருந்தா ஊத்து காலுலயே பட்டிருக்கும். நீ ஒண்ண விட்ட, நான் ரெண்ட விட்டேன்.”

விசிலை எடுத்துத் திரும்ப என் கையில் கொடுத்தார். “காலைல ஆறு மணிக்கு வந்துரு. சங்கிலியத் தொடச்சு வை.”

மறுநாள் எல்லோருக்கும் சொல்லி அனுப்பி வரவழைத்தார். அம்மணி, சின்னதுரை, வாங்கியவர், லைன் ஆட்கள். வெயில் பளிச்சென்று இருந்தது. ஓடைக்கரையிலிருந்து திரும்ப அளந்தோம். எட்டாவது செயினில் நான் குண்டைத் தொங்கவிட்டு, அது அசையாமல் நிற்கிறவரை காத்திருந்து ஊதினேன். அவ்வளவு நேரம் எந்தக் குண்டுக்கும் நான் காத்திருந்ததில்லை. பத்தாவது செயினின் முடிவு, நட்ட கல்லுக்கு இருபத்தாறு அடி மேலே போய் விழுந்தது. ஊற்று இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

சார் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “இது எங்க ஆபீசுத் தப்பு. கல்லு இங்க வந்திருக்கணும். திருத்தப் பத்திரம் எழுதற செலவு என்னுது.”

அவர் என் பேரைச் சொல்லவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை. “நானுங்க. நாந்தான் சங்கிலியத் தரையில போட்டேன்” என்றேன். குரல் மெல்லத்தான் வந்தது. பக்கத்தில் நின்ற சின்னதுரைக்கு மட்டும் கேட்டது. என் கண் கலங்கியதையும் பார்த்துவிட்டார்.

“ஏப்பா, எங்கப்பன் பாட்டன் சேத்து வெச்ச மலைய நான் நேரா நின்னு தொலைச்சிருக்கறேன். இருவத்தாறு அடிக்கு நீ அழுவறயா? எங்கூடப் போட்டிக்கு வராத.”

லைன் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அம்மணிகூடச் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாங்கியவர் சிரிக்கவில்லை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் பக்கத்து நியாயம் அவருக்கு. “சார், பத்திரத்துல கல்லுதான் எல்லைன்னு எழுதியிருக்கு. கல்லப் பாத்துத்தான் பணம் கொடுத்தேன். என் லாட்ஜுக்கும் அந்தத் தண்ணியத்தான் நம்பியிருக்கேன். சும்மா விட்டுட முடியாது. கோர்ட்டுக்குப் போறதுன்னா போங்க” என்றார்.

கோர்ட் என்றால் எத்தனை வருடம் என்று எங்களுக்குத் தெரியும். கோடை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. ராமாயி தன் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சின்னதுரை வேலிக் கம்பியில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். “லாட்ஜுக்கு ரோட்டு மேல வாசலு வேணும்னு போன வருசம் கேட்டீங்களே. எங்குதிரக் கொட்டாயி.”

“கேட்டேன். நீங்க தரமாட்டேன்னீங்க.”

“இப்பத் தர்றேன். ரோட்டோரம் அத்தனையும் எடுத்துக்குங்க. ஊத்தையும் அதச் சுத்தி நாலு கல்லு நடற எடத்தையும் விட்டுருங்க. எடத்துக்கு எடம். பணம் வேண்டாம்.”

அந்த ரோட்டோரத்து இடத்தின் மதிப்பில் ஊற்றடி பத்தில் ஒரு பங்குகூட இராது. வாங்கியவர் உடனே சரி என்று தலையாட்டினார்.

அம்மணி முன்னால் வந்தார். “டேய், நீ ஒண்டறதுக்கு மிச்சம் இருக்கற கடைசி எடம்டா அது.”

“உங்கூட்டுல பொறத்தால ரூம்பு ஒண்ணு சும்மாதான கெடக்குதுக்கா.”

“குதிர?”

“அதுக்குப் புல்லுதான வேணும்? எங்க இருந்தா என்ன?”

அம்மணி திரும்பிக்கொண்டார். “குதிரைக்கி என்னூட்டுல எடமில்ல. நீ மட்டும்னா வா” என்று சொல்லிவிட்டுப் பங்களாவைப் பார்க்க நடந்தார்.

ஊற்றடியை யார் பேரில் எழுதுவது என்று சார் கேட்டார். நோட்டில் சின்னதுரையின் பேரை எழுதப் பென்சிலையும் வைத்துவிட்டார்.

“எம் பேருல வேண்டாமுங்க. எம் பேருல போட்டா ஒரு வருசம் தாங்காது.”

“அப்ப அம்மணி பேருல?”

“அக்கா பேருலயும் வேண்டாம். அழுதுகிட்டுப் போய் நின்னா எங்கக்கா எங்கிட்டக் குடுத்துரும். இத்தன வருசமா அதுதான நடந்துது? லைனுல எட்டு ஊடு இருக்குது. எட்டுப் பேரு பேரையும் போடுங்க. எட்டுப் பேருகிட்டயும் கையெழுத்து வாங்கற தெம்பு எனக்கில்ல.”

தன்னைப் பற்றி இவ்வளவு துல்லியமாக அளந்து சொன்ன ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நாங்கள் சங்கிலி வைத்து அளக்கிறவர்கள். அவர் அன்றைக்குத் தன் கைக்கு எட்டாத தூரம் எது என்று சரியாகக் கணித்து, அங்கே கல் நட்டார்.

பதிவு முடிந்த மறுநாள் ஊற்றைச் சுற்றி நாலு கல் நட்டோம். பழைய கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. ஊற்று இருந்த இடத்தில் மட்டும் அது மேலே எழும்பி, சுற்றிக்கொண்டு, திரும்ப இறங்கியது. அதுதான் பிரகாஷ் பார்த்த மூக்கு. சார் கோட்டின் மேல் நடந்தார். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. ஈரப் பாறையில் வழுக்கும் என்று செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். சின்னதுரை வழக்கம்போல ஒவ்வொரு கல்லடியிலும் மண்ணை மிதித்து இறுக்கினார்.

ராமாயி ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து சாரிடம் நீட்டினாள். “குடிங்க சாமி. ஊத்துத் தண்ணி.”

“இன்னிக்கி அளவு நாளும்மா” என்றார் சார். அவள் என்னிடம் நீட்டினாள். நானும் தலையை ஆட்டிவிட்டேன். அந்த எஸ்டேட்டில் எத்தனையோ முறை சங்கிலி இழுத்திருக்கிறேன். அந்த ஊற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்ததில்லை.

குதிரை வெற்றியை ஏரிக்கரையில் சவாரி விடுகிற ஒருவருக்குச் சின்னதுரை இனாமாகவே கொடுத்துவிட்டார். சுற்றுலா வரும் குழந்தைகளை முதுகில் வைத்துக்கொண்டு அது பல வருடம் நடந்தது. அங்கே ஓடத் தேவையில்லை, அதனால் புல்லைப் பார்த்து நின்றாலும் யாரும் கோபப்படவில்லை. அந்தக் குதிரை காசு சம்பாதித்தது அங்கேதான். பாஷா சார் இப்போது இல்லை. கடைசிவரை அந்தத் தப்பை அவர் ஒரு முறைகூட எனக்குச் சொல்லிக்காட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு வேலைக்கும் போகும் முன் பெட்டியைத் திறந்து குண்டின் கயிற்றை அவரே இழுத்துப் பார்ப்பார். நானும் பார்ப்பேன்.

சின்னதுரைக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. அக்கா வீட்டின் பின்பக்க அறையில் இருக்கிறார். பிரகாஷைக் கூட்டிக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போன அன்று பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் எங்களிடம் வந்தபோது, “பெரியவரு எடுத்துட்டாருங்க” என்றார். நான் எழுந்து கும்பிட்டேன். “ஒக்காரப்பா மாது. முட்டி வலி எப்படி இருக்குது?” என்றார். பிரகாஷ் அவர் யாரென்று கேட்டார். அவருக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இடத்துக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

மேல் சரிவு முழுக்க இப்போது லாட்ஜ் அறைகள். குதிரைக் கொட்டகை இருந்த இடத்தில் பெரிய கேட். மூக்கு அப்படியே இருக்கிறது. நாலு கல்லிலும் பாசி பிடித்திருக்கிறது. பிரகாஷ் ஒவ்வொரு கல்லின் மேலும் கம்பத்தை ஊன்றி, கருவியைப் பார்த்தார். நான் கீழே பாறையில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது கல்லையும் பார்த்துவிட்டு அவர் இறங்கி வந்தார்.

“சங்கிலியிலயா அளந்தீங்க? வெரக்கடை வித்தியாசங்கூட இல்லீங்ண்ணா.”

“கோட்டு மேல நடந்து பாத்துட்டீங்களா?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கம்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு, முதல் கல்லிலிருந்து நடக்க ஆரம்பித்தார்.

ராமாயி லைனிலிருந்து மெதுவாக ஏறி வந்தாள். இப்போது தடி ஊன்றித்தான் நடக்கிறாள். பின்னாலேயே அவள் மருமகள் ஒரு சொம்போடு வந்தாள்.

“விசில்காரரு வந்திருக்கறீங்களா? தண்ணி குடுத்தா வாங்க மாட்டீங்களே. அளவு நாளும்பீங்க.”

நடந்து முடித்துவிட்டு வந்த பிரகாஷ் சொம்பை வாங்கக் கையை நீட்டினார். அளவு நாளில் பாஷா சார் யாரிடமும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார் என்று பஸ்ஸில் நான் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கையை இழுத்துக்கொண்டு, பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துக்கொண்டார்.

“அளக்கறவரு அவருங்க” என்றேன் ராமாயியிடம். “நான் சும்மா கூட வந்தவன்.”

சொம்பை இரண்டு கையாலும் வாங்கினேன். தண்ணீர் பல்லில் ஏறுகிற குளிர்ச்சி. இரண்டு சொம்பு குடித்தேன்.